வீட்டுக் கணினியும் லினக்ஸும்

கணினியின் உறுப்புகளையெல்லாம் ஒருங்கே வேலை வாங்கும் மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 14-10-2025 அன்று முடிவுற்றன. விண்டோஸ் 11-ஓ, பழைய கணினிகள் பலவற்றில் இல்லாத ஒரு பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. எங்கள் வீட்டுக் கணினிக்கும் இதே கதிதான். நன்றாக ஓடும் பெட்டியைக் காயலான் கடைக்கா அனுப்புவது?

இங்கேதான் லினக்ஸ் கைகொடுக்கிறது. 1991-இல் பின்லாந்தில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 21-ஆம் வயதில் இதன் கருவை எழுதி வெளியிட்டார். கடையில் சாம்பார்ப் பொடி வாங்கினால் பொடி மட்டுமே கிடைக்கும். பாட்டி எழுதித் தந்த அளவுக்குறிப்பு இருந்தாலோ, நாமே அரைக்கலாம், மிளகாயைக் குறைக்கலாம், அடுத்த வீட்டுக்கும் கொடுக்கலாம். லினக்ஸ் அந்தக் குறிப்பையே, அதாவது மூலநிரலையே, திறந்து தருகிறது.

இது ஏதோ தூரத்துச் செய்தி அன்று. தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது நிலையம் குரோம்பேட்டை. அங்குள்ள எம்.ஐ.டி. வளாகத்தின் ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையத்தில் கைகோத்தன. டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு பாஸ் இருந்தது. எங்கள் பெரியம்மா மகள் அதைத் திறந்தே பார்த்ததில்லையாம்!

நாங்கள் தேர்ந்தெடுத்தது, அதே டெபியன் வழிவந்த லினக்ஸ் மின்ட். எங்கள் கணினியின் 4 ஜிபி நினைவகம் அதற்குப் போதும். முதலில் அதைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியின் வட்டைத் தொடாமலே இயக்கிப் பார்த்தோம். ஒலியும் இணையமும் வேலை செய்தன. அதன் பிறகே நிறுவத் துணிந்தோம். நிறுவும்போது ‘வட்டை முழுதும் அழி’ என்ற தேர்வு வரும். அதை அழுத்துமுன் படங்களையெல்லாம் வேறிடத்தில் சேமித்துவிட்டோம் என்றே நினைத்தோம். முகப்புத் திரையில் கிடந்த ஒரு கோப்புறையை மறந்துபோனோம். தங்கையின் புதுநன்மைப் படங்கள் அதில்தான் இருந்தன. அவள் அன்றிரவு சாப்பிடவே இல்லை. சித்தியின் கைப்பேசியிலிருந்து பதினோரு படங்கள் கிடைத்தன. மற்றவை போனவை போனவைதான். ஆகவே தோழியரே, ஒருவர் சேமித்ததை இன்னொருவர் திறந்து சரிபாருங்கள்.

இப்போது கணினி முன்னைவிட விரைவாகத் திறக்கிறது. 1999 சென்னை மாநாட்டில் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. இக்கட்டுரையை அதில்தான் தட்டச்சு செய்தோம். அச்சுப்பொறி மட்டும் இன்னும் இணங்கவில்லை. தாளில் எடுக்கக் கடைக்குத்தான் போனோம்.