ஒரு மாநிலம் போதுமா?

அமெரிக்காவில் 50 மாநிலங்கள் இருக்க, ஒரே ஒரு மாநிலம் அதிபரைத் தீர்மானிக்கிறது என்கிறார்களே, அது எப்படி?
– வாசகர், தென்காசி

2000-ல் ஃபுளோரிடா தீர்மானித்ததே! அமெரிக்காவில் நாடு முழுக்க விழுந்த வாக்குகளைக் கூட்டி அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலவாரியாகப் பிரிக்கப்பட்ட தேர்வாளர்கள், மொத்தம் 538 பேர். 270 பேரைப் பிடித்தவர் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஒரு வாக்கு முந்தினாலும் அத்தனை தேர்வாளர்களும் அவருக்கே. ஃபுளோரிடாவில் கிட்டத்தட்ட 60 லட்சம் பேர் வாக்களித்தார்கள். ஜார்ஜ் புஷ் முந்தியது வெறும் 537 வாக்குகளில். 25 தேர்வாளர்களும் அவர் பக்கம் போக, 271 சேர்ந்துவிட்டது. நாடு முழுக்க 5 லட்சத்துக்கும் மேல் கூடுதலாக வாங்கிய, புஷ்ஷை எதிர்த்து நின்ற அல் கோர் தோற்றார். ஃபுளோரிடாவில் மறு எண்ணிக்கை நடந்தபோது, துளையிட்டு வாக்களிக்கும் சீட்டுகளில் துளை முழுதாக விழாதவற்றை அதிகாரிகள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மறு எண்ணிக்கையையே உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கோர் தன் சொந்த மாநிலமான டென்னசியை ஜெயித்திருந்தாலே போதுமே, ஃபுளோரிடாவை மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு சரிதான். ஆனால் டென்னசியில் அவர் சுமார் 80,000 வாக்குகள் பின்தங்கியிருந்தார்; நூல் இழையில் நின்றது ஃபுளோரிடா. கைமாறக்கூடிய மாநிலத்துக்குத்தான் மவுசு. 2024-ல் கலிஃபோர்னியாவின் 54 தேர்வாளர்கள் யாருக்கு என்பது முன்பே தெரிந்த விஷயம். பென்சில்வேனியாவின் 19 பேருக்காக இரு கட்சிகளும் அங்கேயே பழியாய்க் கிடந்தன. கோடிக்கணக்கான கலிஃபோர்னியர்களுக்கு இது அநியாயம்தான். அடுத்த தேர்தலில் நாடு தழுவிய சதவீதத்தை விட்டுவிட்டு பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றையும் கவனியுங்கள். 1992 முதல் 2024 வரை மூன்றும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன.