ஆளறிந்து மருந்து

முன்னுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. மருத்துவன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றுள் நோயாளியின் அளவை முதலில் வைத்து, நோயின் அளவையும் காலத்தையும் பின்னர் வைத்தார் வள்ளுவர். ஒருவர்க்கு உயிர் காக்கும் மருந்து மற்றொருவர்க்கு இடர் தரக்கூடும். இதன் காரணத்தை மரபணு மருத்துவம் இன்று விளக்குகின்றது. நம் கோவை மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. அதனை ஈண்டுக் காண்போம்.

மருந்தும் நொதியும்

அறுவை சிகிச்சைக்கு முன் மூச்சுக்குழாயில் குழல் செலுத்துவதற்காக, 'சக்சினைல்கோலின்' என்னும் தசைதளர்த்தி மருந்தை ஊசி வழியே செலுத்துவது உண்டு. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தசைகள் தளரும். குருதியில் உள்ள 'பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ்' என்னும் நொதி அம்மருந்தை விரைந்து சிதைத்துவிடுவதால், சில நிமிடங்களில் மூச்சு இயல்பாகத் திரும்பும்.

இந்நொதி இல்லாதவர்க்கோ மருந்து எளிதில் சிதையாது. மூச்சுத் தசைகள் மணிக்கணக்கில் செயலற்றுக் கிடக்கும். செயற்கைச் சுவாசக் கருவி அருகில் இருப்பின் உயிர் பிழைக்கும். இல்லையேல் என்னாகும் என்பதைக் கூற வேண்டுவதில்லை. இந்நொதி வேறுபாடு மரபுவழி வருவது என்பதை 1957இல் வெர்னர் காலோ முதலியோர் கனடாவில் ஆராய்ந்து வெளியிட்டனர். 1959இல் ஃபிரீட்ரிக் ஃபோகல் இத்துறைக்கு 'மருந்து மரபியல்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

கோவையில் நிகழ்ந்த ஆய்வு

வைசியச் சமூகத்தாரிடையே இக்குறை மிகுதியாகக் காணப்படுவதை மயக்கவியல் மருத்துவர்கள் அறிந்திருந்தனர். அதன் வேரைத் தேடினர் கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனோகரன், பூபதி ஆகியோர். அயல்நாட்டு அறிஞர்களுடன் இணைந்து அவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, அந்நொதியின் 307ஆம் இடத்தில் 'லியூசின்' என்னும் அமினோ அமிலத்திற்கு மாற்றாகப் 'புரோலின்' அமைந்திருப்பதைக் காட்டியது. 574 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மாறியதால் விளைந்த குறை இது.

தலைமுறை தலைமுறையாக ஒரு குழுவினுள்ளேயே மணம் நிகழும்போது, முன்னோர் சிலரிடம் இருந்த மாற்றம் வழித்தோன்றல் பலரிடம் நிலைபெறுகிறது. தாய், தந்தை இருவரும் மாறிய மரபணுவில் ஒவ்வொன்று உடையவராயின் அவர்கள் நலமாகவே இருப்பர். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குறை தோன்றும். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கமுடைய எல்லாச் சமூகத்தாரும் இவ்விதியை உணர்தல் நலம்.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

சாதிப் பெயர் மருத்துவர்க்கு ஒரு குறிப்பு மட்டுமே. இம்மாற்றம் இல்லாதோர் அச்சமூகத்தில் மிகப் பலர். இந்நொதிக் குறை உடையோர் பிற சமூகங்களிலும் உளர். ஆகவே எவரையும் இழிவாகக் கருத இதில் இடமில்லை. "உங்கள் குடும்பத்தில் எவர்க்கேனும் அறுவை சிகிச்சைக்குப் பின் மூச்சுத் திரும்பத் தாமதமானதுண்டா?" என்னும் ஒரு வினாவை எல்லாரிடமும் கேட்டல் வேண்டும். ஐயம் எழின் குருதியில் நொதியின் அளவை ஆய்ந்து, 'ரோகுரோனியம்' போன்ற மாற்று மருந்தைத் தேர்ந்து கொள்ளலாம். குறை உறுதியானவர் அதனைக் குறித்த அட்டையைத் தம்மிடம் வைத்திருப்பதோடு, உடன்பிறந்தாரையும் ஆய்வுக்கு அனுப்புதல் கடமையாகும்.

தாராபுரம் போன்ற ஊர்களுக்கு இம்முன்னறிவு பெருந்துணை. சுவாசக் கருவிகள் குறைவாக உள்ள மருத்துவமனையில், தவிர்த்திருக்கக்கூடிய ஓர் இடர்க்காக ஒரு கருவி மணிக்கணக்கில் முடங்கினால், விபத்தில் சிக்கி வரும் மற்றொருவர்க்கு அது கிட்டாது. இடர் வருமுன் அறிவதே நலவாழ்வு அமைப்பின் வலிமை. 2020இல் தொடங்கிய 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின்கீழ்த் திரட்டப்பட்ட 10,000 இந்தியரின் மரபணுத் தொகுதித் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்க்கு வழங்கப்பட்டன. இனிவரும் ஆய்வுகட்கு அவை அடித்தளமாகும்.

முடிவுரை

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார் வள்ளுவர். மரபணு அறிவு இந்நால்வகைக்கும் உரியது. ஆய்வுக்கூடம் கண்டதை மருத்துவர் நடைமுறைப்படுத்தட்டும்; குடும்பப் பெரியோர் தாம் அறிந்த நோய் வரலாற்றை மறையாது உரைக்கட்டும்; மாணவர் அதனைத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். பாட்டி சொல்லும் ஒரு செய்தி பேரனின் மூச்சைக் காக்கவும் கூடும்.