உலகம் விட்டு உலகம் போகும் ரகசிய வழி: தளியில் குறும்படம் எடுப்பவர்களுக்கு ஏழு படிகள்

சூப்பர்ஹீரோ படத்தில் நாயகன் வேற்று உலகுக்குள் நுழைவதை நம்பவைப்பது அவன் போகும் வழிக்குரிய சட்டம்தான். கிராபிக்ஸ் அதற்குப் பிறகு வருவது. அந்தச் சட்டத்தைக் கற்க, கர்நாடக எல்லையை ஒட்டிய தளி நல்ல இடம். ஏனென்றால் இங்கே யானைகளுக்கென்று ஒரு வழி இருக்கிறது. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் தளி, ஜவளகிரி வழியாக ஓசூர் பகுதிக் காடுகளுக்கு வலசை வருகின்றன. மாநில எல்லை நமக்குத்தான். அவற்றுக்கு அது ஒரே காடு.

1. பொதுவழியை மூடுங்கள்.
'தோர்: தி டார்க் வேர்ல்டு' (2013) படத்தில் தோரின் தந்தை ஓடின், உலகங்களை இணைக்கும் பைஃப்ராஸ்ட் பாலத்தை மூடிவிடுகிறார். அதனால்தான் தோரின் தம்பி லோகி அறிந்த மலைப்பிளவு தேவையாகிறது. உங்கள் கதையிலும் பெரிய சாலை ஏன் அடைபட்டது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

2. வழி அறிந்தவர் யார் என்று முடிவு செய்யுங்கள்.
யானைக் கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானை. பாதை அதன் நினைவில் இருக்கிறது. லோகிக்கும் வழி தெரியும், ஆனால் அவனை நம்ப முடியாது. வழிகாட்டி எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தே காட்சியின் பதற்றம் அமையும்.

3. சட்டத்தை மூன்று வரிகளில் எழுதுங்கள்.
'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' (2016) படத்தில் வேறிடத்துக்கு வாயில் திறக்க விரலில் மோதிரம் வேண்டும். போகும் இடம் மனத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். குரு ஸ்ட்ரேஞ்சை எவரெஸ்ட் பனியில் விட்டுவிட்டுப் போகும்போது அந்தச் சட்டமே அவருக்குப் பரீட்சையாகிறது.

4. விலை வையுங்கள்.
'பாதாள பைரவி' (1951) குகைக்குள் மந்திரவாதி வெறுங்கையோடு போகவில்லை. பலி கொடுக்க ஒரு வீரனை அழைத்துப் போகிறான். இலவசமாகத் திறக்கும் கதவில் கதை நிற்காது.

5. தடயத்தை முன்பே விதையுங்கள்.
அதே 'தோர்' படத்தில், லண்டன் பாழ்கட்டடத்தில் வீசப்பட்ட கார் சாவி திரும்பி வரவில்லை. பிறகு வேற்றுலகக் குகையில் அதே சாவி கிடைக்கும்போது, அங்கே வழி உண்டென்று நாமே கண்டுபிடித்துவிடுகிறோம்.

6. ஒலியால் கதவைத் திறவுங்கள்.
இரண்டு பாறைகளின் இடைவெளி போதும். இந்தப் பக்கம் தமிழ்ப் பேச்சு, அந்தப் பக்கம் கன்னடம், நடுவே ஒரு நொடி முழு அமைதி. காட்டுக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி கட்டாயம். ராகி விளைந்து நிற்கும் காலத்தில் யானை நடமாட்டம் கூடும். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். வலசைப் பாதையில் விளக்கோ ஜெனரேட்டரோ வைக்காதீர்கள்.

7. வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று காட்டுங்கள்.
வேலியும் குவாரியும் வீட்டுமனையும் குறுக்கே வந்தால் யானை ஊருக்குள் திரும்புகிறது. விவசாயி பயிரை இழக்கிறார். சில நேரம் உயிரே போகிறது. உங்கள் நாயகன் உலகைக் காப்பாற்றப் புறப்பட்டால், அவன் முதலில் காக்க வேண்டியது இந்த வழியைத்தான். தளியில் பிறந்த சூப்பர்ஹீரோவுக்கு இதைவிடப் பெரிய வேலை எனக்குத் தெரிந்து இல்லை.