மொத்தத் தரவேற்றத்தில் பிழைப் பதிவுகள்: முக்கியக் குறிப்புகள்

அடிப்படை

• டேட்டா வேர்ஹவுஸில் லட்சக்கணக்கான பதிவுகளை ஒரே மூச்சில் ஏற்றும் கருவி, பல்க் லோடர். வேகத்துக்காக இன்டெக்ஸ், டிரிக்கர், ஃபாரின் கீ சரிபார்ப்பு போன்றவற்றில் சிலவற்றை இது தள்ளிவைக்கும். சிலவற்றை அனுமதிக்கவே செய்யாது.
• எந்தக் கருவியைப் படித்தாலும் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: தவறான பதிவு எங்கே போகிறது? எத்தனை பிழை வரை வேலை ஓடும்? பாதியில் நின்றால் எங்கிருந்து தொடரும்?
• பிழைகள் இரு வகை. எண் புலத்தில் எழுத்து, 30-02-2024 என்ற இல்லாத தேதி போன்றவை தரவு வகை மாற்றப் பிழைகள். ஏற்கெனவே உள்ள பிரைமரி கீ மறுபடி வருவது போன்றவை கட்டுப்பாட்டு மீறல்கள். இரண்டையும் ஒரே இடத்தில் போடாத கருவிகள் உண்டு. வினாக்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

டெராடேட்டா ஃபாஸ்ட்லோடு

• காலி அட்டவணையில் மட்டுமே ஏற்றும். அந்த அட்டவணையில் செகண்டரி இன்டெக்ஸ், டிரிக்கர், ஃபாரின் கீ இருக்கக் கூடாது.
• அக்விசிஷன், அப்ளிகேஷன் என இரு கட்டங்களில் வேலை நடக்கும்.
• பிழை அட்டவணைகள் இரண்டு. முதலாவதில் தரவு வகை மாற்றப் பிழைகள் சேரும். பிழை எண், புலத்தின் பெயர், மூலத் தரவு ஆகியவற்றை அதில் பார்க்கலாம். இரண்டாவதில் யுனிக் பிரைமரி இன்டெக்ஸ் மீறல்கள் சேரும்.
• எல்லாப் புலங்களும் அச்சு அசலாக ஒத்த இரட்டைப் பதிவு இரண்டிலும் சேராது. அது கைவிடப்படும், எண்ணிக்கை மட்டும் அறிக்கையில் வரும்.
• எடுத்துக்காட்டு: கணக்கு எண்தான் யுனிக் பிரைமரி இன்டெக்ஸ். '101, 500' என்ற பதிவு இருமுறை வந்தால் ஒன்று கைவிடப்படும். '101, 500', '101, 700' என வந்தால் ஒன்று இரண்டாம் பிழை அட்டவணைக்குப் போகும்.
• வேலை முடியும்போது காலியாக இருக்கும் பிழை அட்டவணை தானாகவே நீக்கப்படும். பதிவு இருந்தால் அட்டவணை அப்படியே நிற்கும். அதே பெயரில் அடுத்த வேலையைத் தொடங்குமுன் நாமே நீக்க வேண்டும்.
• செக்பாயின்ட் வைத்திருந்தால், நின்ற வேலை கடைசிச் செக்பாயின்ட்டிலிருந்து தொடரும்.
• மல்டிலோடு, தரவு உள்ள அட்டவணையிலும் ஏற்றும்; ஒரே வேலையில் 5 அட்டவணைகள் வரை கையாளும். இதன் பிழை அட்டவணைகள் வழக்கமாக ஈ.டி., யு.வி. என்ற முன்னொட்டுடன் இருக்கும், யு.வி.யில் சேர்பவை தனித்தன்மை மீறல்கள்.

ஆரக்கிள் எஸ்.க்யூ.எல். லோடர்

• பேட் ஃபைல்: லோடரோ டேட்டாபேஸோ நிராகரித்த பதிவுகள்.
• டிஸ்கார்டு ஃபைல்: பிழையே இல்லாமல், 'வென்' நிபந்தனைக்குப் பொருந்தாததால் ஒதுக்கப்பட்ட பதிவுகள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.
• 'எரர்ஸ்' அளவுருவின் இயல்பு மதிப்பு 50. அதைத் தாண்டினால் ஏற்றம் நிற்கும். ஒரு பிழையும் கூடாது என்றால் 0 கொடுக்க வேண்டும்.
• டைரக்ட் பாத் முறையில் நாட் நல், யுனிக், பிரைமரி கீ செயலில் இருக்கும். செக், ஃபாரின் கீ முடக்கப்படும். யுனிக் மீறல் கடைசியில் இன்டெக்ஸ் கட்டும்போதுதான் தெரியவரும். அப்போது பதிவுகள் அட்டவணையில் இருக்கும். இன்டெக்ஸ் 'அன்யூஸபிள்' நிலைக்குப் போய்விடும்.

பிற கருவிகள்

• எஸ்.க்யூ.எல். சர்வர் பல்க் இன்சர்ட்: 'மேக்ஸ்எரர்ஸ்' இயல்பு மதிப்பு 10. 'செக் கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ்' குறிப்பிடாவிட்டால் செக், ஃபாரின் கீ கட்டுப்பாடுகளைப் பார்க்காமலே ஏற்றும். அவை பிறகு 'நாட் டிரஸ்டட்' எனக் குறிக்கப்படும்.
• போஸ்ட்கிரெஸ் காப்பி: இயல்பாக முதல் பிழையிலேயே முழு ஏற்றமும் ரத்து. 2024இல் வந்த 17ஆம் பதிப்பில் 'ஆன் எரர் இக்னோர்' சேர்ந்தது. அது தரவு வகை மாற்றப் பிழைகளை மட்டுமே தாண்டிச் செல்லும்.
• ஸ்னோஃப்ளேக் காப்பி: இயல்பு நிலை 'அபார்ட் ஸ்டேட்மென்ட்'. ஸ்னோபைப்பில் இயல்பு நிலை 'ஸ்கிப் ஃபைல்'. 'வேலிடேஷன் மோட்' கொடுத்தால் ஏற்றாமல் சோதனை மட்டும் நடக்கும்.
• அமேசான் ரெட்ஷிஃப்ட் காப்பி: 'மேக்ஸ்எரர்' இயல்பு மதிப்பு 0. பிழை விவரங்களை 'எஸ்.டி.எல். லோடு எரர்ஸ்' என்ற சிஸ்டம் அட்டவணையில் பார்க்கலாம்.

கணக்குச் சரிபார்ப்பு

• வேலை முடிந்தது என்பதற்கு எல்லாப் பதிவுகளும் ஏறிவிட்டன என்று பொருளில்லை. படித்தவை = ஏறியவை + நிராகரித்தவை + ஒதுக்கியவை. ஃபாஸ்ட்லோடில் கைவிடப்பட்ட இரட்டைப் பதிவுகளையும் கூட்ட வேண்டும்.
• எஸ்.க்யூ.எல். லோடர் 10,000 பதிவுகள் படித்தது. பேட் 12, டிஸ்கார்டு 188 என்றால் ஏறியவை 9,800. பிழை 50ஐத் தாண்டாததால் வேலை முடியும்; ஆனால் யூனிக்ஸில் வெளியேறும் குறியீடு 0 வராது, எச்சரிக்கையைக் குறிக்கும் 2 வரும்.

மாதிரி வினாக்கள்

1. ஃபாஸ்ட்லோடில் இரு பிழை அட்டவணைகளும் காலி. ஆனால் ஏறிய பதிவுகள் குறைவு. காரணம்? விடை: முழு இரட்டைப் பதிவுகள்.
2. டைரக்ட் பாத் ஏற்றத்துக்குப் பின் பேட் ஃபைலில் யுனிக் மீறல் இல்லை. தரவு சுத்தம் எனலாமா? விடை: கூடாது, இன்டெக்ஸின் நிலையையும் பார்க்க வேண்டும்.
3. போஸ்ட்கிரெஸ் 17இல் 'இக்னோர்' கொடுத்தும் பிரைமரி கீ மோதலில் ஏற்றம் நின்றது. ஏன்? விடை: மோதல், தரவு வகை மாற்றப் பிழை அல்ல.