கிறிஸ்து நம்மில் உருவாகும் படிப்பு

வேதபாடம்: கலாத்தியர் 4:19, ரோமர் 12:2, அப்போஸ்தலர் 2:42



சில மாதங்களுக்கு முன் நம் சபை வாலிபத் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். "பாஸ்டர், ஆவிக்குரிய உருவாக்கம்னு ஒரு முதுகலைப் படிப்பு இருக்கு. சேரலாமான்னு ஜெபிச்சிட்டிருக்கேன்" என்றார். நான் யோசிக்காமலே, "அபிஷேகம் இருக்கும்போது அதெல்லாம் எதுக்குத் தம்பி? 2 கொரிந்தியர் 3:6 வாசிச்சதில்லையா? எழுத்தைப் பிடிச்சா ஜீவன் போயிடும்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

அன்று இராத்திரி ஜெபத்தில் ஆண்டவர் என்னைத்தான் பிடித்தார். அந்த அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். பவுல் அங்கே பேசுவது கற்பலகைகளில் எழுதப்பட்ட நியாயப்பிரமாணத்தைப் பற்றி. புத்தகம் படிப்பதைப் பற்றி அல்ல. அவரே கமாலியேலின் பாதத்தில் படித்தவர். சாவு நெருங்கின காலத்திலும் புஸ்தகங்களைக் கொண்டுவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினவர் (2 தீமோத்தேயு 4:13).

1. இது என்ன படிப்பு?

கலாத்தியர் 4:19-ல் பவுல் ஒரு தாயைப்போலப் பேசுகிறார். விசுவாசிகளுக்குள் கிறிஸ்து உருவாகும்வரை தனக்குப் பிரசவ வேதனை என்கிறார். கர்ப்பத்தில் பிள்ளை உருவாகிறதுபோல, மெதுவாய், மறைவாய். ரோமர் 12:2-லும் 2 கொரிந்தியர் 3:18-லும் "மறுரூபம்" என்ற வார்த்தை வருகிறது. மலையின்மேல் இயேசு மறுரூபமானார் என்று மத்தேயு 17:2-ல் வரும் அதே வார்த்தைதான். அந்த மாற்றம் மனுஷனுக்குள் எப்படி நடக்கிறது, எது தடுக்கிறது என்று ஆராய்வதே இந்தப் படிப்பு. ஆகவே அகஸ்டினையும் வாசிப்பார்கள், எகிப்து வனாந்தரத்துத் துறவிகளையும் வாசிப்பார்கள். 1742-ல் பிரிஸ்டலில் ஜான் வெஸ்லி தொடங்கிய, சுமார் 12 பேர் கொண்ட சிறு குழுக்களைப் பற்றியும் படிப்பார்கள்.

வாசித்தால் மட்டும் போதாது, செய்தும் பார்க்க வேண்டும். 2013-ல் மரித்த டல்லஸ் வில்லர்ட், அமெரிக்காவின் புல்லர் இறையியல் கல்லூரியில் ஊழியர்களுக்கு இப்படி ஒரு பாடம் நடத்தினார். இரண்டு வாரம் ஒரு தியான இல்லத்தில் தங்கிப் படிக்க வேண்டும். தனிமையும் மௌனமும் அதில் பாடத்தின் பகுதி.

2. பெந்தெகொஸ்தேக்காரருக்கு இது தேவையா?

அப்போஸ்தலர் 2:4 நமக்கு மனப்பாடம். ஆனால் 2:42-ல் நிலைத்திருக்கிறோமா? அக்கினி இறங்கியது ஒரே நாளில். உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம் இவைகளில் தரித்திருந்தது நாள்தோறும். சிங்கப்பூர் ட்ரினிட்டி இறையியல் கல்லூரியில் கற்பித்த சைமன் சான் நம்மைப்போல் பெந்தெகொஸ்தேக்காரர். நாம் பெற்ற அனுபவம் அடுத்த தலைமுறைக்கும் போய்ச்சேர வேண்டுமானால், பழைய சபை நடந்துவந்த ஒழுங்குகளையும் நாம் கற்க வேண்டும் என்று அவர் 2000-ல் வந்த புத்தகத்தில் வாதாடுகிறார்.

3. என் சோதனை

தம்பியிடம் பாடத்தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு நாள் முழுவதும் மௌனமாய்த் தேவசமுகத்தில் இருக்க வேண்டுமாம். "இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் நடத்தினவனுக்கு இது என்ன பெரிசு?" என்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் தாங்கவில்லை! சத்தம் அடங்கினவுடன் ஒரு முகம் வந்து நின்றது. ஆறு வருஷத்துக்கு முன் சில குடும்பங்களோடு நம் சபையை விட்டுப் பிரிந்துபோன உடன் ஊழியரின் முகம். "மன்னிச்சிட்டேன்" என்று மேடையில் சாட்சி சொன்னவன் நான். உள்ளே கசப்பு அப்படியே இருந்தது. என் ஜெபச் சத்தமே அதை மூடிவைத்திருந்தது.

மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், கதவு திறந்திருக்கிறது.

4. ஒரு எச்சரிக்கை

பட்டம் வாங்கினவனெல்லாம் மறுரூபமானவன் அல்ல. கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு மறந்துபோகிறவனைப்பற்றி யாக்கோபு 1:23, 24 சொல்லுகிறது. முதல் மதிப்பெண் எடுத்தும், வீட்டில் மனைவிமேல் சீறினால் அந்தப் படிப்பு எதற்கு? படிக்கப் போகிறவர்கள் செலவையும் கணக்குப் பார்த்து, குடும்பத்தோடு பேசி, ஜெபித்துத் தீர்மானியுங்கள். கடன்பட்டுப் போகாதிருங்கள்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனியில் அவர் சேருகிறார். சபையாய் அவரை ஜெபத்தில் தாங்குவோம்.

கல்லூரிக்குப் போகாத நமக்கும் இந்த மாதம் வீட்டுப்பாடம் உண்டு:

* தினமும் பத்து நிமிஷம், ஒன்றும் கேட்காமல், அமைதியாய்த் தேவசமுகத்தில் இருங்கள்.
* மனதில் வரும் முகத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள்.
* அவரிடத்தில் போய் ஒப்புரவாகுங்கள் (மத்தேயு 5:23, 24).

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் சத்தத்துக்குள் நாங்கள் ஒளித்து வைத்ததை எங்களுக்குக் காட்டும். கிறிஸ்து எங்களில் உருவாகும்வரை எங்களை விட்டுவிடாதேயும். ஆமென்.