போர்க்களத்து மருத்துவர்

சிவகாசியில் இயற்றப்படும் வாணங்கள் தீபாவளி இரவிற் சிறுவர்தம் உள்ளத்தைக் களிப்பிக்கின்றன. வெடிமருந்தே போர்க்களம் புகின் உயிர் குடிக்கும் கூற்றாகின்றது. குண்டுமாரி பொழியும் அக்களத்திற்குக் கொல்லச் செல்லாது, காக்கச் செல்வோரும் உளர். அவரே படை மருத்துவர்.

அயர்லாந்து நாட்டினரான தாமஸ் கிரீன் என்பார், ரக்பி என்னும் பந்தாட்டத்தில் தம் நாட்டின் சார்பில் ஆடிப் புகழ் பெற்றவர். பின்னர் அவர் மருத்துவராய்த் தென்னாப்பிரிக்கப் போரிற் கலந்தார். 1901 டிசம்பர் 18ஆம் நாள், தாம் குண்டடிபட்ட பின்னும், வீழ்ந்தார்க்கு மருத்துவஞ் செய்வதை விட்டாரல்லர். மறுமுறையும் குண்டு பாய்ந்த பின்னரே அவர் கை ஓய்ந்தது. விக்டோரியா சிலுவை என்னும் உயர்ந்த விருது அவருக்கு அளிக்கப்பெற்றது.

இத்தகைய வீரர் ஒருவரை நம் நாடும் ஈன்றது. அவர் ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் ஆவார். 1941இல் தோன்றிய வான்குடைப் படையில் மருத்துவராய் அமர்ந்து, வான்குடை கொண்டு குதித்த முதல் இந்தியருள் ஒருவராயினார். 1950இல் கொரியாவில் போர் மூண்டது. இந்தியா அங்குப் போரிடும் படையை அனுப்பவில்லை. 60ஆவது வான்குடை மருத்துவப் படையையே அனுப்பியது. அதன் தலைவர் ரங்கராஜ்.

அவ்வாண்டு டிசம்பரிற் சீனப் படை நெருங்கியது, ஐ.நா. படைகள் பியாங்யாங் நகரை விட்டுப் பின்வாங்கின. மருத்துவப் படைக்கு ஊர்திகள் கிடைத்தில. பொருள்களைப் போட்டுவிட்டு உயிர் தப்பலாம். ஆயின், கருவியும் மருந்தும் இழந்த மருத்துவர் யாது செய்ய வல்லார்? பழைய நீராவிப் புகைவண்டிப் பொறியொன்று அவர்கள் கண்ணிற் பட்டது. வீரர்கள் வரிசையாய் நின்று வாளி வாளியாய் நீரைக் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பினர், பொருள்களையெல்லாம் ஏற்றினர், தாமே வண்டியைச் செலுத்தி, ஆற்றுப்பாலம் தகர்க்கப்படுமுன் அதனைக் கடந்தனர்.

அங்ஙனம் காத்த கருவிகள் வீண்போகவில்லை. அப்படையின் ஒரு பகுதி தேகு நகரிற் பொதுமக்களின் நோய் தீர்த்தது. 1951 மார்ச் 23ஆம் நாள், அமெரிக்க வான்குடை வீரரோடு ரங்கராஜும் தம் குழுவினருடன் களத்திற் குதித்துப் புண்பட்டாரைப் பேணினார். இந்திய அரசு அவருக்கு மகாவீர் சக்கரம் அளித்துச் சிறப்பித்தது. பின்னாளில் அவர் உலகச் சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புப் பணியிலும் ஈடுபட்டார்.

வெடிமருந்தோடு வாழும் விருதுநகர் மாவட்டத்து மாணாக்கர் இதனை உன்னுதல் வேண்டும். தீப்புண்பட்டாரைக் காக்கத் துணிவு மட்டும் போதாது. கருவியும் மருந்தும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அன்று பாலம் கடந்த புகைவண்டி நமக்கு அறிவுறுத்துவது அதுவேயாம்.

வினாக்கள்

1. ரங்கராஜ் கருவிகளைக் கைவிடாமைக்குக் காரணம் யாது?
2. படை மருத்துவரின் வீரம் ஏனை வீரரின் வீரத்தினின்றும் எவ்வாறு வேறுபடுகின்றது?