லினக்ஸ் பற்றிக் காதில் விழுபவை

"லினக்ஸ் 3888.9 சதவீதம் வேகமாயிடுச்சாமே, பார்த்தீங்களா?" 2024 நவம்பரில் நண்பர் ஒருவர் போன் போட்டுக் கேட்டார். எண் பொய்யில்லை. லினக்ஸின் மையமான கெர்னலில் செய்த சின்னத் திருத்தம் ஒன்றை இன்டெல்லின் தானியங்கிச் சோதனை ஓட்டிப் பார்த்தபோது கிடைத்த எண்தான். ஆனால் அது ஒரே ஒரு சோதனையின் கணக்கு. நினைவகத்தைக் கேட்டு வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதுமாக அந்தச் சோதனைக்கு ஒரே வேலைதான். அந்தத் திருத்தம் வந்ததால் நண்பரின் லிப்ரே ஆபீஸ் முந்தித் திறக்கப் போவதில்லை. வேகச் செய்தி வந்தால், எந்த வேலையில் வேகம் என்று கேட்டுவிட்டுப் பிறகு சந்தோஷப்படலாம்.

"பழைய லேப்டாப்பா? லினக்ஸ் போடு, புதுசு மாதிரி ஓடும்." 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து இதைச் சொல்லாத ஆள் இல்லை. பாதி உண்மை. எக்ஸ்எஃப்சிஇ மாதிரி எளிய டெஸ்க்டாப், விண்டோஸ் 11 கேட்கும் அளவுக்கு ரேம் கேட்காது. ஆனால் நாம் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது பிரவுசரில். அங்கே வாட்ஸப், யூடியூப், வங்கித் தளம் என்று ஏழெட்டு டேப். அவற்றின் எடை எந்த இயங்குதளத்திலும் அநேகமாக ஒன்றுதான். 2 ஜிபி ரேமில் லினக்ஸும் மூச்சு வாங்கும்.

யூடியூப் இன்னொரு சங்கதி. இப்போது அது பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் வீடியோவை அனுப்புகிறது. 2012 வாக்கில் வந்த கிராபிக்ஸ் சில்லுகளுக்கு அந்த வடிவங்களைப் பிரிக்கத் தெரியாது. மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழ, விசிறி மிக்ஸி மாதிரி இரையும். இதற்கு லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. 32 பிட் பிராசசர் என்றால் பேச்சே வேண்டாம். லினக்ஸில் 32 பிட் குரோம் 2016-லேயே நின்றுபோனது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் கணினிக்கு இன்ஸ்டாலரே கிடையாது. 64 பிட், 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி. இந்த மூன்றும் இருந்தால் போடுங்கள் என்பேன். கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் பெரும்பங்கு அந்த எஸ்எஸ்டியால் வருவது. பெயர் மட்டும் லினக்ஸுக்குப் போய்விடும்.

"லினக்ஸ்ல வைஃபை வராது, பிரிண்டர் வராது." இது பழைய காயம். இன்றைக்குப் பெரும்பாலான வைஃபை சில்லுகள் போட்டதும் வேலை செய்கின்றன. கட்டற்ற மென்பொருள்தான் வேண்டும் என்ற பிடிவாதத்துக்குப் பேர்போன டெபியனே 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, தேவையான ஃபர்ம்வேரை 2023-இன் டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரிலேயே வைத்துவிட்டது. ஆனாலும் முரண்டு பிடிக்கும் சில்லுகள் உண்டு. பக்கத்து வீட்டு ஆசிரியர் சாரின் லேப்டாப்பில் உபுண்டு போட்டதும் வைஃபை பட்டியல் காலியாக இருந்தது. "என்ன தம்பி, நெட்டே இல்லையே?" என்று முகம் வாடிவிட்டார். அவருடைய போனைக் கேபிளில் செருகி, யூஎஸ்பி டெத்தரிங்கை ஆன் செய்தேன். அந்த இணையத்தில் டிரைவரை இறக்கி ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை வந்துவிட்டது. எல்லாம் பத்து நிமிடம்.

பிரிண்டர்தான் வரவில்லை. சின்ன லேசர் பிரிண்டர்கள் சிலவற்றுக்குச் சொந்த மூளை குறைவு. பக்கத்தைப் புள்ளி புள்ளியாகத் தயாரித்துத் தரும் வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிடுகின்றன, அதுவும் கம்பெனிக்கு மட்டுமே தெரிந்த மொழியில். லினக்ஸுக்கு ஒழுங்கான டிரைவர் தராவிட்டால் அவ்வளவுதான். சாரின் பிரிண்டர் இப்போது பூப்போட்ட துணிக்கு அடியில் இருக்கிறது. அவர் ஜெராக்ஸ் கடைக்கு நடக்கிறார்.

கிராபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியாவைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன, இரண்டுமே கோணல். 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் கம்பெனிக்கு நடுவிரலைக் காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு, லினக்ஸுக்கு அந்தக் கார்டே ஆகாது என்பவர்கள் ஒரு பக்கம். அது டிரைவரைத் திறந்துவிட்டது என்ற 2022 மே மாதச் செய்தியைப் படித்துவிட்டு, "என்விடியா முழுக்க ஓப்பன் சோர்ஸ்" என்பவர்கள் மறுபக்கம். திறந்தது கெர்னலுக்குள் உட்காரும் பகுதி மட்டும். அதுவும் 2018-இன் டூரிங் தலைமுறை முதல் வந்த கார்டுகளுக்கு. மேலே ஓடும் பகுதி இன்னும் மூடித்தான் இருக்கிறது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி வேறு: அவற்றை ஆதரிக்கும் கடைசி டிரைவர் கிளை 580.

"லினக்ஸ்ல வைரஸே வராது." எக்ஸ்இசட் கதையைக் கேட்டவர்கள் இப்படிச் சொல்வதில்லை. கோப்புகளைச் சுருக்கும் அந்தச் சிறு மென்பொருளில், ஆண்டுக்கணக்காக நல்லவராக நடித்த ஒருவர் கள்ளக்கதவு வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவது ஏன் என்று நோண்டியதில் குட்டு உடைந்தது. அது சோதனைப் பதிப்புகளோடு நின்றதால் தப்பித்தோம். 2025 ஜூலையில் ஆர்ச் லினக்ஸின் பயனர் களஞ்சியத்திலும் நச்சுப் பொதிகள் அகப்பட்டன. யாரோ கொடுத்த கட்டளையைக் காப்பி செய்து டெர்மினலில் ஒட்டினால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

விளையாட்டா? விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் ஸ்டீமின் புரோட்டான் 2018-இல் வந்ததிலிருந்து பெரும்பாலானவை ஓடுகின்றன. வாலரண்ட் ஓடாது; அதன் ஏமாற்றுத் தடுப்பு லினக்ஸை ஏற்பதில்லை.

ஆக, யார் பேச்சையும், என் பேச்சையும் சேர்த்து, நம்ப வேண்டாம். பென் டிரைவில் உபுண்டுவோ மின்ட்டோ ஏற்றி, டிஸ்கைத் தொடாமல் லைவாக ஒரு மாலை ஓட்டுங்கள். வைஃபை, ஒலி, கேமரா, லேப்டாப்பை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். பிரிண்டரில் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். பாமினியில் தட்டிய பழைய கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவையும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் பொத்தான் ஓடிப் போகாது.